எட்டுக் குடம்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒரு பெண் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். மழைக்கோட்டு, கழுத்தில் பல்கலைக்கழக நிறங்களில் கோடு போட்ட கம்பளித் துண்டு, கையில் ஓர் அட்டை, அதில் செருகிய தாள்கள், நூல் கட்டிய பென்சில். தான் பட்டப்படிப்பின் கடைசி வருஷ மாணவி என்றாள். இந்தத் தெருக்களில் குடியேறியிருக்கும் வெளிநாட்டுக் குடும்பங்களைப் பற்றி ஆய்வு எழுதுகிறாளாம். ஐந்து நிமிஷம் போதுமாம், பெயர் எழுத மாட்டாளாம். முதல் கேள்வி, இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பது.

மூன்று பேர் என்றேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, ஏழு வயது மகள் மாலா. மாடி அறையில் மனைவியின் தம்பியும், அவனோடு கம்பளி ஆலையில் வேலை செய்யும் கூட்டாளி ஒருவனும். இருவருக்கும் கடவுச்சீட்டு ஒழுங்காக இருக்கிறது, வேலைக்கான அனுமதியும் இருக்கிறது, வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரியும். மறைக்க ஒரு தூசியும் இல்லை. இருந்தும் அவள் கேட்டு முடிப்பதற்குள் பொய் என் நாக்கில் வந்து நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற மாலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவள் தோளைச் சற்று அழுத்திப் பிடித்தேன்.

அந்தப் பெண் உடனே எழுதவில்லை. தலையைக் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எழுதினாள். என்ன எழுதினாள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன், அட்டையைச் சாய்த்து வைத்திருந்ததால் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கதவைச் சாத்தியதும் மாலா இங்கிலீஷில் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பொய் சொன்னீர்கள், மாமாவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னால் அவள் இங்கிலீஷில் திருப்பிக் கேட்பாள், இப்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சண்டைகள் இப்படித்தான் நடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம். கேட்கிறவர் எதற்குக் கேட்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காமல் வளர்கிறாளே என்று சந்தோஷப்படுவதா, இப்படி ஏமாளியாக வளர்கிறாளே என்று பயப்படுவதா என்று எனக்கும் தெரியவில்லை.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆலை ஊர். வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி, ஒரே கூரையாக, தெரு முழுக்க ஓடும். வந்த புதிதில் கடிதத்தில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளைச் சொல்வதைப் போல, "எங்கள் லயம்" என்றே எழுதினேன், மனைவிக்குக் கோபம் வந்தது. லயத்திலிருந்து தப்பி வந்து இன்னொரு லயத்தில் இருக்கிறோம் என்று ஊரில் சிரிப்பார்களாம்.

வேலை நகரசபையின் தண்ணீர்ப் பிரிவில். எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, தலைக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்ப்பது. நல்ல வேலைதான். எட்டு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து, யாரையும் நேரே பார்க்காமல், அவர்கள் எத்தனை முறை குளிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறேன். இதற்கு வழி காட்டியது நானே பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் செய்த ஓர் ஆய்வு. அதனால்தான் அந்தப் பெண்ணின் அட்டையையும் பென்சிலையும் பார்த்ததும் பொய் முந்திக்கொண்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படி ஏடும் பேனாவுமாகப் போய் நின்றவன் நான்.

இந்த நாட்டில் பாரம் நிரப்பச் சொன்னால் யாரும் பயப்படுவதில்லை. பால்காரனுக்குக் குறிப்பு எழுதுவதைப் போல எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்க்கிறேன். நூலகச் சீட்டுக்குப் பிறந்த இடம் கேட்டார்கள். அதற்கு ஒரு வாரம் யோசித்தேன் என்றால் நம்புவீர்களா?

3

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். என்னைவிட ஆறு வயது மூத்தவள் பாக்கியம் அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் என்னை வளர்த்தாள். ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் நான் படித்த காலத்தில் அவள் கொழுந்து பறிக்கப் போனாள். அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் வேலாயுதம் மச்சானைக் கட்டிக்கொண்டாள்.

நாற்பத்தெட்டில் சுதந்திரம் வந்தது. அதன் பின்னாலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களைத் தெருவில் நிறுத்தியது. இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் எழுதிப் போட வேண்டும், இத்தனை வருஷம் விடாமல் அங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். அப்பாவின் விண்ணப்பம் எப்படியோ தேறியது, அதில் என் பெயரும் இருந்தது. அக்கா கல்யாணமாகிப் போனவள், அவள் பெயர் மச்சானுடைய விண்ணப்பத்தில். மச்சான் நடுவில் ஒன்றரை வருஷம் திருச்சிப் பக்கம் போய் வந்திருந்தார், அதனால் அது தள்ளுபடியானது. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, நான் இலங்கையன், அவள் எந்த நாடும் இல்லாதவள்.

பிறகு மச்சானின் தாய்க்குச் சுகமில்லை என்று கடிதம் வந்தது. போனார். திரும்பி வரக் கொடுத்த அனுமதியின் நாள் தாண்டிவிட்டது. அதன் பிறகு அவர் இந்தியாவிலேயே இருக்கிறார் என்று அக்கா எனக்குச் சொன்னாள். ஊரும் அப்படித்தான் சொன்னது. நானும் நம்பினேன்.

4

பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து, மண்டபத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். தாவரவியல் படித்த என் அறைத் தோழன் மலைப்பாறைகளில் வளரும் பாசிகளை எடுத்துக்கொண்டான். ஒரு சிங்கள நண்பன் கண்டிப் பக்கத்து விகாரைச் சுவர் ஓவியங்களை எடுத்தான். நான் புவியியல், லயங்களில் தண்ணீர்ப் பயன்பாடு என்று தலைப்புக் கொடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு ஏதாவது நல்லது நடக்கும் என்ற நினைப்பு. பாசி படித்தவனைப் பார்த்து எனக்குப் பின்னால் பொறாமை வந்தது. பாசி அவனிடம் நீ யார், யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை.

என்னிடம் கேட்டார்கள். நான் வாத்தியார் மகன், எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை. ஆனாலும் கையில் ஏடும் பேனாவுமாக லயத்து வாசலில் நின்றபோது ஒவ்வொரு காம்பராவிலும், அந்த ஒற்றை அறை வீடுகளில், பேச்சு நின்றது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், "செக்ரோல்ல இருக்க மாதிரிதாங்க" என்று ஒரே பதில். செக்ரோல் என்றால் தோட்டத்துப் பெயர்ப் பதிவேடு. முந்தின நாள் வரை தம்பி என்று கூப்பிட்டவர்கள் எனக்கு 'ங்க' போட ஆரம்பித்தார்கள். அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

சரி, ஆட்களைக் கேட்க வேண்டாம், குடத்தைக் கேட்போம் என்று, ஒரு நாளைக்கு எத்தனை குடம் எடுக்கிறீர்கள் என்று மாற்றிப் பார்த்தேன். அக்காவின் பக்கத்துக் காம்பரா மாரியாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தன கொடம்னு எதுக்குங்க? இனிமே தண்ணிக்கும் பிரஜாவுரிமை கேக்கப் போறாங்களா?"

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளுக்குள் எரிச்சல். படித்த திமிர் என்று சொல்லலாம், சொல்லாமல் விடுகிறவர்களைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று பிடிவாதம் வந்தது. அடுத்த நாள் விடியலில் பீலிக்கரையில் போய் உட்கார்ந்தேன். மலையிலிருந்து வரும் தண்ணீர் தகரப் பீலி வழியே விழும், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் எல்லாரும் அங்கேதான் குடம் நிரப்பியாக வேண்டும். காலையும் மாலையும், ஏழு நாள், யாரையும் ஒன்றும் கேட்காமல் எண்ணினேன். ஆட்களின் கணக்கு உறுதியாகத் தெரிந்த சில வீடுகளை வைத்துப் பார்த்தால் ஆளுக்கு இரண்டு குடம் என்று வந்தது. இனி எந்த வீட்டின் குடத்தை எண்ணினாலும் ஆள் தெரிந்துவிடும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்காவும் இரண்டு பிள்ளைகளும். மூன்று பேருக்கு ஆறு குடம். ஏழு நாளும் அக்கா எடுத்தது எட்டுக் குடம். அதில் ஒன்றை மாரியாயி தன் குடத்தோடு சேர்த்துத் தூக்கிப் போய் அக்கா வாசலில் இறக்கிவிட்டுப் போவதையும் பார்த்து எழுதியிருந்தேன்.

5

ஏழாம் நாள் மாலை அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே, என்ன அக்கா, மூன்று பேருக்கு எட்டுக் குடமா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அக்கா ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள். ரொட்டி தீயத் தொடங்கியது.

"எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்றேன். அப்போது மேலே பரணில் யாரோ இருமலை அடக்கும் சத்தம் கேட்டது. விறகுக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்து, தாடி வைத்து, எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. எட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறாராம். மன்னாருக்குப் பக்கத்தில் தோணியில் வந்து இறங்கி, நடந்தும் லொறியிலுமாக மலை ஏறியிருக்கிறார். பிடித்தால் கள்ளத்தோணி என்று கொண்டுபோய் அடைத்து, திருப்பிக் கப்பலேற்றுவார்கள். லயம் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"நீ எந்தம்பிதான், இல்லேங்கல" என்றாள் அக்கா. "ஆனா ஒங்கையில பொஸ்தகம் இருக்கே. எழுதுறவங்க கையில இருக்கறது யாருக்குப் போவும்னு எனக்குத் தெரியுமா? ஒனக்காச்சும் தெரியுமா?"

எனக்கும் தெரியவில்லை. எட்டை அழித்துவிடு என்றாள்.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். கள ஏட்டை ஒருபோதும் நகல் எடுக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, களத்தில் எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும் என்று எங்கள் விரிவுரையாளர் மந்திரம் மாதிரி சொல்லியிருந்தார். நல்ல மாணவன் நான். புது ஏடு வாங்கி எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருக்கலாம். அதைச் செய்யாமல் பிளேடை எடுத்து, எட்டின் மேல் வளைவில் வலப் பக்கத்தைச் சுரண்டி ஆறாக்கினேன். ஏழு நாள், ஏழு எட்டு. ஒரே வரியில் வரிசையாக ஏழு ஆறு.

இரண்டு நாள் கழித்து, தோட்டத்துக்குள் உட்கார்ந்து என்ன எழுதினாய் என்று பார்க்க, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஏட்டைக் கேட்டார். அனுமதி கொடுத்தவர் அவர், மறுக்க முடியாது. ஏடு இரண்டு நாள் ஆபீசில் கிடந்தது. பெரிய கிளாக்கர் அதைத் திருப்பித் தரும்போது, "நல்லா சுத்தமா எழுதியிருக்கீங்க தம்பி" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அன்று யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு எதையும் இவ்வளவு யோசித்ததில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி மூன்று மாதத்தில் மச்சானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பொலிஸ் நேரே அக்காவின் காம்பராவுக்கு வந்து, நேரே பரணைப் பார்த்ததாம். கேள்விப்பட்டு ஓடினேன். அக்கா அழவில்லை. "அந்தப் பொஸ்தகம் எங்க?" என்றாள். அதைக் காட்டத்தான் கொண்டு வந்திருந்தேன். பார் அக்கா, ஆறு என்றுதான் இருக்கிறது என்று பக்கத்தை விரித்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது. கொழுந்து பறித்துக் கறுத்த விரலைத் தாளில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வரியில் விரல் நின்றது. பிறகு இன்னொரு முறை தடவினாள்.

"இங்க மட்டும் சொரசொரங்குது" என்றாள்.

ஏட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

6

என் ஆய்வை மண்டபத்தில் வாசித்தேன். கை தட்டினார்கள். எண்கள் நம்பிக்கை தருவதாக விரிவுரையாளர் பாராட்டினார். அதை வைத்துத்தான் இந்த நாட்டுக்கு மேற்படிப்புக்கு வந்தேன், வேலையும் கிடைத்தது. மச்சானை யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று இத்தனை வருஷமாக ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்கிறேன். கிளாக்கரா? அவருக்கு அக்கா மேல் ஒரு பகையும் இல்லை. மாரியாயியா? ஒரு தடவை தண்ணீர் முறைக்காக அக்காவோடு சண்டை போட்டிருக்கிறாள். சாராயக் கடையில் யாராவது வாய் விட்டார்களா? மச்சானின் இருமலா? சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்தச் சுரண்டிய வரிக்குத்தான் வந்து சேர்கிறேன். எட்டை எட்டாகவே விட்டிருந்தால் நூறு எண்களுக்குள் ஒன்றாகப் போயிருக்கும். சுரண்டியதால்தான் அது கண்ணில் பட்டது. பட்டதா என்றும் தெரியாது. தெரியாமலே சாகப் போகிறேன் என்பதுதான் என் பயம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் புது வாத்தியாரைக் கொண்டு கடிதம் எழுதுவிக்கிறாள். நலம், நலமறிய ஆவல், மழை பெய்தது, மாரியம்மன் திருவிழா நடந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே, எத்தனை பேர் என்று ஒரு கடிதத்திலும் இருக்காது. நான் கேட்டு எழுதினாலும் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராது. போன வருஷம் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, எந்த நாட்டுக்கு எழுதிப் போடப் போகிறாய் என்று கேட்டேன். மழை பெய்ததாகப் பதில் வந்தது.

அந்த மாணவி வந்து போன கதையை அக்காவுக்கு எழுதினேன். மூன்று பேர் என்று சொன்னதையும், மாலா என்னைக் கேள்வி கேட்டதையும் எழுதினேன். எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது. சும்மா சிரிக்கட்டும் என்றும் இருக்கலாம்.

நேற்றுப் பதில் வந்தது. வாத்தியார் அவள் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறார்.

"மூணுன்னு சொன்னது சரிதான் தம்பி. ஆனா அந்தப் புள்ள ஒன் வாய நம்பியிருக்காது. நீ முந்தி எழுதுனியே, அங்க பால போத்தல்ல கொண்டாந்து வாசப்படியில வச்சிட்டுப் போவாங்கன்னு. ஆளுக்கு ஒரு போத்தலா? அன்னைக்கி வாசல்ல எத்தன இருந்துச்சு? அத எண்ணிட்டுத்தான் போயிருக்கும். நீ எண்ணலியா?"

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து போத்தல். அந்தப் பெண் காலடியைப் பார்த்தது கூச்சத்தால் இல்லை. பீலிக்கரையில் ஏழு நாள் உட்கார்ந்தவனுக்கு அது தெரியவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால், எழுத்து தெரியாத அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. சிரிப்பும் வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

கடைசியில் இன்னொரு வரி இருந்தது. எழுதிய வாத்தியாருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது.

"இங்க பீலியில தண்ணி நல்லா வருது. நானும் புள்ளைங்களும் சொகம். முந்தி மாதிரி எட்டுக் கொடந்தான் எடுக்குறேன்."

அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், பட்டப்பகலில். மச்சான் வந்துவிட்டார். பத்து வருஷத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை வெறும் போத்தல்களில் மூன்றை மட்டும் வாசலில் வைத்தேன், இரண்டை அடுப்படித் தொட்டிக்குக் கீழே ஒளித்தேன். மாலா பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். உங்கள் தோளுக்கு மேலால் இன்னும் யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் சொல்லிவைக்கிறேன். ஊர் நோர்வூட் இல்லை. அக்காவின் பெயர் பாக்கியம் இல்லை, மச்சானின் பெயரும் வேறு. குடமும் எட்டு இல்லை. அந்த எண்ணை இந்தக் குறிப்பில் எங்கே தேடினாலும் கிடைக்காது. இந்த முறை எதையும் சுரண்டவில்லை, எல்லாவற்றையும் புதுத் தாளில் முதலிலிருந்து மாற்றி எழுதியிருக்கிறேன்.